மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பதில்கள்: எலி பிடிக்க ஒரு நாய்

போன இதழில் எங்கள் வீட்டு நாய் மல்லாட்டையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ரேட் டெரியர் என்கிற அமெரிக்க இனம், எலி பிடிக்கும், அவ்வளவுதான். மாட்டுக்கு மடி நோய் பற்றி மூன்று பக்கம் எழுதினபோது வராத கடிதமெல்லாம் இந்த நாலு வரிக்கு வந்துவிட்டது. இந்த முறை முழுக்க அதற்கே பதில்.

*

*மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி மூட்டையை எலி விட்டுவைப்பதில்லை. ரேட் டெரியர் ஒன்று வாங்கிக் கட்டினால் எலி ஒழியுமா?*
*வியாபாரி, திருப்பாதிரிப்புலியூர்*

'வாங்கிக் கட்டினால்' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. இதைக் கட்டிப் போட்டால் எலியைப் பிடிக்காது, குரைத்துக் குரைத்து உங்கள் வாடிக்கையாளரைத்தான் விரட்டும்.

எங்களிடம் வந்த கதையைச் சொல்கிறேன். சர்வீஸ் முடிந்த பிறகு புதுச்சேரியில் ஒரு கிளினிக்குக்குக் கொஞ்ச காலம் உதவிக்குப் போய்வந்தேன். ஆரோவில்லில் இருந்த ஓர் அமெரிக்க அம்மா இந்த நாயை ஊசிக்குக் கொண்டுவருவார். எட்டு வருஷத்துக்கு முன் அவர் அவசரமாக ஊர் திரும்பும்படி ஆனபோது, 'வைத்துக்கொள்கிறீர்களா?' என்றார். அப்போது அதற்கு வயது இரண்டு, எடை ஏழரை கிலோ, என் முழங்கால் உயரம். அவர் வைத்திருந்த பெயர் என் வீட்டுக்காரி வாயில் நுழையவில்லை. வெள்ளை உடம்பில் உரித்த மல்லாட்டை நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும், அதனால் மல்லாட்டை. வெளியூர்க்காரர்களுக்கு: வேர்க்கடலையைத்தான் எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கம் அப்படிச் சொல்வோம்.

மஞ்சக்குப்பம் வீட்டில் கிணற்றடியில் தேங்காய் மட்டை குவித்து வைத்திருந்தோம். வந்த நாலாம் நாள் அதன் முன்னால் போய் நின்றது. அரை மணி நேரம் அசையவில்லை. காது இரண்டும் முன்னால் நிமிர்ந்து, ஒரு முன்கால் தூக்கியபடி. என்னதான் பார்க்கிறது என்று ஒரு மட்டையை எடுத்தேன். எலி வெளியே வந்ததை நான் பார்க்கவே இல்லை. பிடரியில் ஒரு கவ்வு, இரண்டு உதறு, முடிந்தது. தின்னவில்லை. கீழே போட்டுவிட்டு, அடுத்த மட்டையை எடுக்காமல் என்ன வேடிக்கை என்பது போல என்னைப் பார்த்தது. அன்று ஐந்து எலி. முதுகு பிடித்துக்கொண்டது எனக்கு.

உங்களுக்கான பதில் இதில்தான் இருக்கிறது. இந்த நாய் தனியாக எலி ஒழிக்கும் எந்திரம் இல்லை. ஆள் மூட்டையை நகர்த்த வேண்டும், நாய் பிடிக்க வேண்டும். அடுக்கிய மூட்டைச் சந்தில் அது நுழைய முடியாது. ஓட்டு விட்டத்தில் ஓடுகிற எலியை அண்ணாந்து பார்த்துக் குரைக்கத்தான் முடியும். முதலில் மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் ஏற்றுங்கள். வளைகளில் கண்ணாடித் தூளும் சிமெண்டும் கலந்து அடையுங்கள். அதைச் செய்யாமல் நாய் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துகிற வேலை.

*

*இருவரும் வேலைக்குப் போகிறோம். மூன்றாம் மாடி அபார்ட்மெண்ட். சின்ன நாய்தானே என்று ஆசை.*
*ஒரு தம்பதி, லாஸ்பேட்டை*

வேண்டாம்.

உருவம்தான் சின்னது. ஒருமுறை சிதம்பரத்தில் கல்யாணம் என்று ஆறு மணி நேரம் இதைத் தனியே விட்டுப் போனோம். திரும்பி வந்தால் செருப்பு இரண்டு ஜோடி, தலையணை ஒன்று, துளசி மாடத்தை ஒட்டி முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. கோபத்தில் செய்ததில்லை. வேலை இல்லாத கைக்கு வேலை தேடிக்கொண்டது. காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, நடுவில் வீட்டில் ஒரு ஆளும் இருந்தால் இதைவிடச் சாதுவான பிராணி கிடையாது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் போல நாள் முழுக்கத் துள்ளாது. வேலை முடிந்தால் படுத்துவிடும், அதுவும் போர்வைக்குள். கத்திரி வெயிலில் மின்விசிறியும் இல்லாத நேரத்தில், என் காலடியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இளைக்கும் நாயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்த இனத்துக்கே அந்தப் பழக்கம் உண்டு.

குளியலறை வாசல் வரை பின்னாலேயே வரும். வீட்டில் ஒருவரைத்தான் தன் ஆள் என்று வைத்துக்கொள்ளும். சோறு போடுவது என் வீட்டுக்காரி, ஒட்டிக்கொண்டது என்னிடம். எட்டு வருஷமாக அதற்கு நான் பேச்சுக் கேட்கிறேன்.

*

*'டெரியர்' பிரெஞ்சுச் சொல் என்கிறான் என் பேரன். உண்மையா?*
*ஓய்வு பெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை*

உண்மைதான் ஐயா. புதுச்சேரிக்காரருக்குத் தெரியாததா, 'தேர்' என்றால் மண், நிலம். வளையைத் தோண்டி உள்ளே இருப்பதைப் பிடிக்கிற நாய் என்பதால் அந்தப் பெயர். எங்கள் துளசி மாடம் சாட்சி.

ஆனால் ரேட் டெரியர் பிரான்ஸில் பிறந்ததில்லை. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன சிறு டெரியர்களை வைத்து அமெரிக்க விவசாயிகள் உண்டாக்கிய கலப்பு. ஃபாக்ஸ் டெரியரும் மான்செஸ்டர் டெரியரும் அடிப்படை. பிறகு மோப்பத்துக்கு பீகிள், முயல் துரத்த விப்பெட் என்று வேறு இன நாய்களையும் சேர்த்தார்கள். 1910 முதல் 1940கள் வரை அங்கே பண்ணைக்குப் பண்ணை இருந்தது. எலி விஷமும் டிராக்டரும் வந்தன, 1950களுக்குப் பிறகு நாய் குறைந்துபோனது. பெரிய பதிவு அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக முழுமையாக ஏற்றதே 2013இல்தான். இதன் குட்டைக்கால் உறவுக்கு, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் நினைவாக டெடி ரூஸ்வெல்ட் டெரியர் என்று பெயர். பேரனிடம் அதையும் சொல்லுங்கள்.

*

*வீட்டில் லவ் பேர்ட்ஸும் இரண்டு முயலும் இருக்கின்றன. கூட வளர்க்கலாமா?*
*கல்லூரி மாணவி, நெய்வேலி*

எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் அது முடிவு செய்துவிடும்.

*

*முந்திரித் தோப்பில் காவலுக்கு விடலாம் என்று நினைக்கிறேன்.*
*விவசாயி, பண்ருட்டி அருகே*

எலி வளை இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாய் பின்வாங்காது. அசைகிறதா, பிடி. அவ்வளவுதான் அதன் கணக்கு. ஒருமுறை ஆறடிச் சாரையை உதறிக் கொன்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள், எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சாரை இருந்திருந்தால் எங்கள் நாயைவிட அதிக எலி தின்றிருக்கும். அது கண்ணாடி விரியனாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத மல்லாட்டை இருந்திருக்காது. 31 வருஷ சர்வீஸில் விரியன் தீண்டிய நாய்கள் பலதைப் பார்த்துவிட்டேன். பிழைத்தவை எல்லாம் பச்சிலை கட்டி நேரம் போக்காமல் நேரே தூக்கி வந்தவை.

'வா' என்றால் எலியைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டும். குட்டியிலிருந்தே தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் வரும், அடித்தால் வராது. அது படியும் வரை கயிறில்லாமல் தோப்பில் விடாதீர்கள். காவல்தான் நோக்கம் என்றால், உங்கள் ஊர் நாட்டு நாய்க்கு என்ன குறைச்சல்?

*

*எலி மருந்தும் வைக்கிறோம், நாயும் வளர்க்கிறோம். பயமாக இருக்கிறது.*
*இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்*

பயப்படுங்கள் அம்மா. நான் பயப்படாமல் இருந்துதான் மாட்டிக்கொண்டேன்.

கேக் போல விற்கிற எலி மருந்து, பெரும்பாலும் புரோமாடியோலோன். எலி அதை வைத்த இடத்திலேயே தின்னும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கடித்து இழுத்துக்கொண்டு போகும். அப்படி எங்கிருந்தோ ஒரு துண்டு எங்கள் மட்டைக் குவியலுக்கு வந்திருக்கிறது. மல்லாட்டை தின்றதை யாரும் பார்க்கவில்லை. அன்று நன்றாக இருந்தது, மறுநாளும் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் சோர்ந்து படுத்தது. வெயில் என்று நினைத்து மோர் ஊற்றினேன். நாலாம் நாள் காலை தண்ணீர்க் கிண்ணத்தில் ரத்தம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஊரார் மாட்டுக்கெல்லாம் கண் ரப்பையை இழுத்துப் பார்த்தவன், சொந்த நாயின் ஈறை ஒரு நாள் முன்னால் பார்க்கவில்லை.

இந்த மருந்து ரத்தம் உறைவதைக் கெடுக்கும். தின்ற உடனே ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே கசியத் தொடங்கும். வைட்டமின் கே1 கொடுத்து டாக்டர் காப்பாற்றினார். நாலு வாரம் விடாமல் மாத்திரை. நாய் தேறிவிட்டதே என்று பத்தாம் நாள் நிறுத்துகிறவர்கள் உண்டு, மறுபடியும் கசியும். மருந்து தின்றிருக்கும் என்று சந்தேகம் வந்தால் நோய் தெரியக் காத்திருக்காமல், உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியம். எலி பிடிக்கிற நாய் இருக்கிற வீட்டில் விஷமே வேண்டாம், கூண்டுப் பொறி போதும்.

இன்னொன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் பட்ட தண்ணீரிலிருந்து நாய்க்கு வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். ஐப்பசி கார்த்திகையில் கெடிலம் ஆறு பெருகித் தெருவில் தண்ணீர் நிற்கிற ஊர் நம்முடையது. வெறிநாய்க்கடி ஊசி மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கூட்டுத் தடுப்பூசியில் சில குப்பிகளில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. கேட்டுப் போடுங்கள், வருஷா வருஷம்.

*

*குட்டி எங்கே கிடைக்கும்? ஒருவர் போட்டோ அனுப்பியிருக்கிறார்.*
*தம்பி ஒருவர், முதலியார்பேட்டை*

போட்டோவை நம்பிப் பணம் அனுப்பாதே தம்பி. நம் பக்கத்தில் அசல் ரேட் டெரியர் மிக அபூர்வம். வெள்ளை உடம்பும் கறுப்புத் திட்டும் நிமிர்ந்த காதும் இருந்தாலே அது ரேட் டெரியர் ஆகிவிடாது. எங்கள் தெருவில் அப்படி நாலு இருக்கின்றன, நாலும் எங்கள் தெருவிலேயே பிறந்தவை. தாய் நாயை நேரில் காட்டச் சொல். பின்னங்காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறதா பார், முட்டிச் சில்லு நழுவுவது இந்தச் சின்ன இனங்களில் உண்டு. நல்லபடியாக வளர்ந்தால் 12 முதல் 18 வயது வரை இருக்கும். உனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரை இதற்கு நீதான் பொறுப்பு, யோசித்துக்கொள்.

*

*மல்லாட்டை இப்போதும் எலி பிடிக்கிறதா?*
*பழைய வாசகி, தேவனாம்பட்டினம்*

வயது பத்து ஆகிறது. முகவாய் நரைத்துவிட்டது. பல் மூன்று எடுத்தாயிற்று. ஆனாலும் காலையில் நான் காபி குடித்ததும் மட்டைக் குவியல் முன்னால் போய் நிற்பது நிற்கவில்லை. முன்பெல்லாம் நான் மட்டையைத் தூக்க ஒரு நொடி தாமதித்தால் குரைக்கும். இப்போது நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற வரை சும்மா காத்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாக ஒன்று பிடித்தோம்.