பிரித்தானியா ஆண்ட இலங்கையில் பவுண் இல்லாமல் ரூபா வந்தது ஏன்?

அரிசிக்கும் ஆளுக்கும் இந்தியாவை நம்பியிருந்ததால்தான்.

பவுண் வராமல் இல்லை. 1825இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து நாணயமான ரிக்ஸ்டொலரை 1 சிலிங் 6 பென்ஸ் என்று மதித்து, இனிக் கணக்கெல்லாம் பவுண், சிலிங், பென்ஸ்தான் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. சரி, சொல்லியாயிற்று, ஆனால் சிலிங்கை வாங்க ஆள் வேண்டுமே? கோப்பித் தோட்டக் காலத்தில் கண்டிச் சீமைக்கு வேலையாட்கள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து, அவர்கள் தின்ற அரிசியும் இந்தியாவிலிருந்துதான் வந்தது, மிச்சம் பிடித்த நாலு காசும் திருச்சிப் பக்கம்தான் திரும்பிப் போனது. அங்கே செல்லாத காசை இங்கே எவர் மடியில் முடிவார்? அதனால் தோட்டத் துரைமார் சம்பளம் போட இந்திய வெள்ளி ரூபாவைக் கப்பலில் இறக்கினார்கள். 1836 முதலே புத்தகத்தில் பவுண், கையில் ரூபா, நடுவில் ரூபாவுக்கு 2 சிலிங் என்று ஒரு கற்பனை விலை.

இந்த இரட்டைக் கணக்கு 1871 வரை ஓடியது. 1872 ஜனவரி 1 முதல் ரூபாதான், அதுவும் இந்தியாவைப் போல 16 அணாவாக இல்லாமல் 100 சதமாக. (இந்தியா நூறாகப் பிரித்தது 1957இல்!) எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் 1870 என்று போட்ட செப்புச் சதம் ஒன்று கிடக்கிறது, ஒரு பக்கம் விக்டோரியா தலை, மறு பக்கம் பனை மாதிரி ஒரு மரம், தமிழும் சிங்களமும். பிரித்தானியா ஆண்ட இன்னொரு தீவான மொரிசியசும் 1877இல் சதத்தோடு சொந்த ரூபா அடித்தது. அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போனதும் இந்திய ஆட்கள்தானே.

இதில் யாருக்கு லாபம் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1870களிலிருந்து வெள்ளி விலை சரிந்தது, 2 சிலிங் பெற்ற ரூபா 1892-93இல் ஏறக்குறைய 1 சிலிங் 3 பென்சுக்கு வந்துவிட்டது. கோப்பிக்குப் பின் வந்த தேயிலை லண்டனில் பவுணுக்கு விற்றது, பெரட்டுக் களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) பேர் போட்டுக் கொடுத்த கூலியோ ரூபாவில். அதே பவுணை மாற்றினால் கூடுதல் ரூபா கிடைக்கும், கூலி மட்டும் ஏறாது. துரைக்கு ஒரு இலை கூடப் பறிக்காமல் வந்த லாபம் அது.

இந்திய ரூபாவோடு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் 1950இல் மத்திய வங்கி வந்த பிறகும் நீடித்தது. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைத்தபோதுதான் அது முறிந்தது. அந்த ரூபா எந்த ஆட்களுக்காக இறக்கப்பட்டதோ, அவர்களின் வாரிசுகளில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964இலேயே இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.