ஐந்து சுரப் பெட்டிக்குள் ஐந்து ராகங்கள்

கேள்வி: எட்டு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும், முகூர்த்த மாதங்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் வாசித்து வருகிறேன். கடந்த ஓராண்டாகக் கிட்டாரைக் கையில் எடுத்தால் அதே நான்கு கார்டுகள்தான் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) வருகின்றன. சோலோ என்றால் ஐந்தாம் ஃபிரெட்டில் அதே பென்டடானிக் பாக்ஸ், அதே முடிப்பு. எத்தனையோ பாட வீடியோக்களைப் பார்த்துவிட்டேன், பயனில்லை. மூன்று வாரங்களாகக் கிட்டாரை உறையிலிருந்தே எடுக்கவில்லை. என்னிடம் இருந்தது இவ்வளவுதானா? எலெக்ட்ரிக் கிட்டாரும் எஃபெக்ட்ஸ் பெடலும் வாங்கினால் இது மாறுமா? சிறிது காலம் குழுக்களை விட்டு விலகியிருக்கட்டுமா?

– ஒரு வாசகர், திருச்சி

பதில்:

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் ‘அதே’ என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. அந்தச் சொல்லை உங்களுக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று சற்று யோசித்துப் பாருங்கள். குழுவினர் குறை சொன்னதாக நீங்கள் எழுதவில்லை, கேட்பவர்கள் முகம் சுளித்ததாகவும் எழுதவில்லை; உங்கள் காதுதான் சொல்லியிருக்கிறது. எட்டு ஆண்டுகளில் உங்கள் காது வளர்ந்துவிட்டது. கை மட்டும் என்றோ கற்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் விழுந்துவிட்ட தூரத்தைத்தான் நீங்கள் சலிப்பு என்று உணர்கிறீர்கள். இருந்தது தீர்ந்துபோனவருக்கு இந்த வேதனை வராது. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடைகளில் வாசித்தும் சொல்லிக் கொடுத்தும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கை எப்படி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பது கிட்டாருக்கே உரிய ஒரு சிக்கல். பாட்டுப் பாடுகிறவர் ஒரு சுரத்தை மனத்தில் கேட்காமல் அதைத் தொண்டையில் கொண்டுவர முடியாது. கிட்டாரில் அப்படியில்லை, எந்த ஃபிரெட்டில், அதாவது கழுத்தில் பதித்த எந்த உலோகக் கட்டத்தில், எந்த விரல் என்று தெரிந்திருந்தால் போதும், காது தூங்கிக்கொண்டிருந்தாலும் சோலோ வந்துவிடும். பென்டடானிக் என்னும் ஐந்து சுர வரிசை கைக்குள் அடங்கும் அந்த ஐந்தாம் ஃபிரெட் பாக்ஸ் அவ்வாறு விரலில் ஊறிப்போன ஒரு தடம். வீடியோ பாடங்கள் உதவாததற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். டேப் (தந்தியையும் ஃபிரெட்டையும் எண்களால் குறிக்கும் முறை) எழுதிக் காட்டும் ஒவ்வொரு பாடமும் விரலை எங்கே வைப்பது என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே பழைய தடத்தின் பக்கத்தில் இன்னொரு தடம் விழுகிறதே தவிர, நடப்பது என்னவோ விரல்தான்.

எனக்கு இது புரிந்தது ஒரு திருமண மண்டபத்தில். மாலை வரவேற்புக்கு வாசிக்க வேண்டிய எங்கள் குழு காலையிலேயே வந்து ஒலிபெருக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் முடிந்து, நாகசுரக் கலைஞர் மத்தியமாவதியை எடுத்து நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் இணைக்காத கிட்டாரில் மெதுவாக அந்தச் சுரங்களைத் தேடினேன். அவருடைய சுருதி இரண்டு கட்டை, அதாவது கிட்டார்காரர்கள் சொல்லும் டி என்ற சுரம். தேடத் தேட என் விரல்கள் எங்கே போய் நின்றன தெரியுமா? ஐந்தாம் ஃபிரெட்டில், ஏ மைனர் பென்டடானிக் பாக்ஸில், நீங்கள் சலித்துப்போன அதே இடத்தில். ஒரு சுரம்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் நான் அந்தப் பெட்டிக்குள் எத்தனையோ முறை புழங்கியும் ஒரு நாளும் கேட்டிராத இசை அது. நான் எப்போதும் ஏ என்ற சுரத்தில் வந்து இளைப்பாறுவேன். அவர் டியில் வந்து அமர்ந்தார். வேறுபாடு முழுவதும் அதில்தான் இருந்தது.

இதைக் கர்நாடக இசையில் கிரகபேதம் என்பார்கள். பண்ணுப்பெயர்த்தல் என்று பழந்தமிழ் இசையிலும் இதற்குப் பெயர் உண்டு. சுரங்களை மாற்றாமல், எதை ஆதார சட்ஜமாக, அதாவது அடிப்படைச் ‘ச’வாகக் கொள்கிறோம் என்பதை மட்டும் மாற்றுவது. உங்கள் பாக்ஸில் இருப்பவை ஏ, சி, டி, இ, ஜி என்ற ஐந்து சுரங்கள். கைப்பேசியில் ஒரு தம்பூரா செயலியை ஒலிக்க விட்டு, சுருதியை ஆறு கட்டையில், அதாவது ஏயில் வைத்தால் அந்த ஐந்தும் சுத்த தன்யாசியாக ஒலிக்கும். இத்தனை நாள் நீங்கள் வாசித்து வந்தது இதன் நிழலைத்தான். சுருதியை ஒரு கட்டைக்கு மாற்றுங்கள், அவையே மோகனமாகிவிடும். இரண்டு கட்டையில் மத்தியமாவதி, மூன்று கட்டையில் இந்தோளம், ஐந்து கட்டையில் சுத்த சாவேரி. நீங்கள் அடைபட்டுக் கிடப்பதாக நினைக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் ஐந்து ராகங்களின் சுரங்கள் இருக்கின்றன. சுரங்கள் மட்டுமே ராகமாகிவிடா என்பதைச் சொல்லியாக வேண்டும். ராகத்துக்கே உரிய சிறு சுரத்தொடர்களான பிடிகளும், சுரத்தை அசைத்து ஒலிக்கும் கமகமும் சேர்ந்துதான் ராகம். ஆனாலும் மூன்று கட்டைச் சுருதி பின்னால் ஒலிக்க, வழக்கமான முடிப்பை நீங்கள் வாசித்துப் பார்த்தால், அது முடிப்பாகவே ஒலிக்காமல் நடுவழியில் நிற்பது உங்களுக்கே கேட்கும். அந்த இடத்தில் காது விழித்துக்கொள்ளும். அடுத்த சுரம் எது என்பதை அது தேடத் தொடங்கும்.

அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு சுருதி என்று வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் மட்டும் இதைச் செய்யுங்கள். அதில் ஒரு நிபந்தனை உண்டு: முதலில் பாடுங்கள், பிறகு வாசியுங்கள். தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர் என்பதால் உங்களுக்குக் கூச்சம் இருக்காது என்று நம்புகிறேன். நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு சிறு பிடியை வாய்விட்டுப் பாடிவிட்டு, அதை அப்படியே தந்தியில் தேடுங்கள். தொண்டைக்கு மூச்சு வேண்டும், அதனால் அது தானாகவே நிறுத்தி நிறுத்திப் பாடும். விரலுக்கு மூச்சுத் தேவையில்லை, அதனால்தான் கிட்டார் சோலோக்கள் இடைவெளியின்றி ஓடிக்கொண்டே இருக்கின்றன. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கற்ற முறையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவருடைய குரு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்லர். அவர் பாடுவார், சிறுவன் ஸ்ரீநிவாஸ் கேட்டதை மாண்டலினில் கொண்டுவருவார். விரலை இங்கே வை என்று காட்டுவதற்கு ஆளில்லாத அந்தக் கல்வியில், ஒவ்வொரு சுரத்தையும் காதுதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மேற்கத்திய வாத்தியம் ஒன்றில் கர்நாடக இசை அவ்வளவு இயல்பாகப் பேசியதற்கு அந்தக் கல்விமுறை ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பாடத் தொடங்கியதும் இன்னொன்று தெரியவரும். தொண்டை ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் போகிறது. அதைக் கிட்டாரில் கொண்டுவர ஒரு சிறு பயிற்சி சொல்கிறேன். மூன்றாம் தந்தி ஏழாம் ஃபிரெட்டில் மோதிர விரலை வையுங்கள். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதற்குப் பின்னால் துணை நிற்கட்டும். ஒரே ஒரு முறை மீட்டி, டியில் இருக்கும் தந்தியை மெதுவாக மேலே தள்ளி, இ வரை கொண்டு போங்கள். அவசரமின்றி, நான்கு எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீட்டாமலே தந்தியைத் தளர்த்தி டிக்கு வந்து, மோதிர விரலால் சுண்டிவிட்டு ஐந்தாம் ஃபிரெட்டின் சியில் இறங்குங்கள். ஒரே மீட்டலில் மூன்று சுரங்கள், அவற்றுக்கு இடையிலுள்ள நுண்ணிய ஒலிகள் எல்லாம் வந்துவிட்டன. முதல் பத்து முறை இ சரியாக வந்து நிற்காது, கொஞ்சம் தாழ்ந்தே ஒலிக்கும். அதைக் காதால் திருத்துவதுதான் பயிற்சி.

வீணையில் இது இயல்பாக நடப்பது. அங்கே ஃபிரெட்டுகளைப் போன்ற மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால், ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களைப் பேச வைக்கலாம். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் மிகுந்த வேகமும் முழக்கமும் கொண்ட மின்னிசைக் குழுவை நடத்தி உலகப் புகழ் பெற்றவர். அந்தப் புகழுக்கு நடுவிலேயே அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை அறிஞர் எஸ். ராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை கற்றார். பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் சக்தி குழுவில் அவர் வாசித்த கிட்டாரில், ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. தந்தியை வீணையில் போலத் தாராளமாக இழுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உங்கள் கிட்டாரை நீங்கள் செதுக்க வேண்டாம். உச்சத்தில் இருந்த ஒரு கலைஞர் புதிய ஊற்றைத் தேடி இன்னொரு வாத்தியத்தின் முன்னால் மாணவராக உட்கார்ந்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் வீணைக்கோ நாகசுரத்துக்கோ பஞ்சமில்லை. மாதம் இரண்டு முறையாவது கிட்டார் இல்லாத கச்சேரி ஒன்றுக்குப் போய், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கை பழைய தடத்துக்கே திரும்பத் திரும்பப் போனால், அந்தத் தடத்தை அடைத்துவிடுவதும் ஒரு வழி. ஒரு வாரம் மூன்றாம் தந்தியில் மட்டும் வாசியுங்கள். ஐந்து கட்டைச் சுருதி வைத்தால் அந்தத் தந்தியே சட்ஜம். 2, 4, 7, 9, 12 ஆகிய ஃபிரெட்டுகளில் மோகனம் நேர்கோட்டில் கிடைக்கும். பாக்ஸ் என்பதே அங்கே இல்லை. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928இல் வண்டியில் பற்றிய தீயில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிய பிறகு, பெரும்பாலும் மீதி இரண்டு விரல்களாலேயே தம் சோலோக்களை வாசித்தார். பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 1965இல் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். நெகிழிப் புட்டியை உருக்கித் தாமே விரல் உறைகள் செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைக் கட்டினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த ஒலிதான் ஹெவி மெட்டல் என்ற ஓர் இசைவகைக்கே அடித்தளமாயிற்று. இவர்களுக்குப் பழைய வழி மூடியது விதியால். நீங்கள் ஒரு வாரத்துக்கு மட்டும் அதை விரும்பி மூடிக்கொள்கிறீர்கள்.

நான்கு கார்டுகள் என்ற சிக்கலுக்கு ட்யூனிங்கை மாற்றிப் பார்ப்பது நல்ல மருந்து. ஆறாம் தந்தி, இரண்டாம் தந்தி, முதல் தந்தி ஆகிய மூன்றையும் ஒரு முழு சுரம் இறக்கினால், கீழிருந்து மேலாக டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வரும். 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கலைஞர் பரப்பிய முறை இது. நமது கணக்கில் பாருங்கள்: இரண்டு கட்டைச் சுருதியில் ச, ப, ச, ம, ப, ச. கிட்டாரே ஒரு தம்பூராபோல ஆகிவிடுகிறது. விரல் நினைவில் வைத்திருக்கும் கார்டு வடிவங்கள் இதில் செல்லுபடியாகா என்பதால், ஒவ்வொரு கார்டையும் காதைக் கொண்டே கட்ட வேண்டியிருக்கும். சிறு வயதில் போலியோவால் இடக்கை வலுக்குறைந்த கனடியப் பாடகி ஜோனி மிட்செல், வழக்கமான கார்டுகளைப் பிடிப்பது கடினமாக இருந்ததால் இப்படிப்பட்ட மாற்று ட்யூனிங்குகளை நாடி, தமக்கென்று ஒரு தனி ஒலியையே உண்டாக்கிக்கொண்டார்.

புதிய எலெக்ட்ரிக் கிட்டார், பெடல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். புதிய ஒலி ஒரு மாதம் மகிழ்விக்கும், பிறகு அதே முடிப்பு எதிரொலியோடு கேட்கும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துப் புதிய தந்திகள் வாங்கிப் போடுங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வியர்வையில் கறுத்த தந்தி எதை வாசித்தாலும் ஒரே மாதிரி மழுங்கித்தான் ஒலிக்கும், இழுத்தால் சுருதியிலும் நிற்காது. கழுத்துப் பக்கம் தந்திகள் மிக உயரமாக இருந்தால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஆக்‌ஷனைச் சரி செய்துகொள்ளுங்கள். நான் சொன்ன இழுப்புப் பயிற்சிக்கு இது மிகவும் தேவை.

குழுக்களை விட்டு விலக வேண்டாம். தனியறையில் தேடியது சரியா என்பதை இன்னொரு மனிதர் பக்கத்தில் இருந்து தாளம் போடும்போதுதான் அறிய முடியும். அந்த வாய்ப்புக் கிடைக்காமல் ஏங்குகிறவர்கள் பலர். பாடல்களை இப்போது எப்படி வாசிக்கிறீர்களோ அப்படியே வாசியுங்கள். மெல்லிசைக் குழுவில் ஏதேனும் ஒரு பாடலில், இடையிசைக்கு முன் உங்களுக்கென்று விடப்படும் நான்கு பார்களை (தாளச் சுற்றுகளை) மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வாரம் பாடிக் கண்டுபிடித்த ஒரு பிடியை அங்கே வையுங்கள். தவறினாலும் நான்கு பார்களுக்குள் முடிந்துவிடும், தாளக்காரர் உங்களைத் தாங்கிக்கொள்வார்.

இன்று இரவே உறையைத் திறந்து, கிட்டாரைத் துடைத்து, கைக்கு எட்டும் இடத்தில் சுவரோரமாக நிறுத்தி வையுங்கள். இரண்டு கட்டையிலிருந்து தொடங்கலாம். மூன்று வாரங்கள் கழித்து, அந்த ஐந்து சுருதிகளில் எது உங்களை இருபது நிமிடத்தைத் தாண்டியும் உட்கார வைத்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்து எதைப் பிடிப்பது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.