மேடை இல்லாத நாள்களில் ஜாஸ்: கேள்வி பதில்

கிளப்களும் அரங்குகளும் மூடிக் கிடக்கும்போது வீட்டிலிருந்தே ஜாஸை எப்படி ரசிப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: நேரில் கேட்டுப் பழகியவன் நான். வீட்டில் எதைப் போட்டாலும் பின்னணிச் சத்தமாகப் போய்விடுகிறது. எங்கே தொடங்கலாம்?

பிளேலிஸ்ட்டை மூடிவிட்டு ஒரே ஒரு நிகழ்ச்சியை முழுசாகக் கேளுங்கள். என் முதல் சிபாரிசு, பியானோ கலைஞர் பில் எவன்ஸின் ட்ரையோ (மூவர் குழு) 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியமும் இரவுமாக, இடைவேளை விட்டு விட்டு, ஐந்து செட் பதிவானது. வான்கார்ட் ஒரு அடித்தள அறை. கண்ணாடிக் குவளைகள் உரசுவதும், யாரோ பேசிச் சிரிப்பதும் பதிவில் அப்படியே விழுந்திருக்கும். அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். ஸ்டுடியோ பதிவில் கிடைக்காத அந்த அறையை உங்களுக்குக் காட்டுவதே அந்தச் சத்தம்தான்.

அந்தப் பதிவில் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பியானோவும் பேஸும் (ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ்) மட்டும், மூன்று எண்ணிக்கையில் நிதானமாகப் போகும். பிறகு நான்குக்கு மாறும். டிரம்ஸ் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் கால் தானாகத் தாளம் போடும். முதல் முறை எவன்ஸின் பியானோவைக் கேளுங்கள். அடுத்த முறை அதை விட்டுவிட்டு, ஸ்காட் லஃபாரோவின் பேஸ் பின்னாலேயே போங்கள். பேஸ் என்றால் அடியில் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது என்ற எண்ணம் அங்கே உடைந்துவிடும். எவன்ஸ் சொல்லி முடிப்பதற்குள் இவர் பதில் சொல்வார். சில இடங்களில் ஒதுங்கி வழிவிடுவார். மூன்றாம் முறை பால் மோஷியனின் டிரம்ஸ். நேரில் போயிருந்தால் ஒரு தடவைதான் கேட்டிருப்பீர்கள். லஃபாரோ பதினோரு நாள் கழித்து, 25 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். இந்த மூவரும் சேர்ந்து வாசித்த கடைசிப் பதிவு இதுதான்.

கேள்வி: சோலோ ஆரம்பித்ததும் எனக்கு எல்லாம் குழம்பிவிடுகிறது. எதைப் பிடித்துக்கொள்வது?

பாட்டு திரும்பத் திரும்ப வரும் சுற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் முதல் பாட்டு 'ஸோ வாட்'. பேஸ் ஒரு வரி கேட்கும், மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்வார்கள். ஒரு சுற்றுக்கு 32 பார் (ஒரு பார் என்பது இங்கே நான்கு எண்ணிக்கை): எட்டு, திரும்ப எட்டு, அடுத்த எட்டு மட்டும் அரை சுரம் மேலே, கடைசி எட்டு பழைய இடத்துக்கே. மைல்ஸ் இரண்டு சுற்று, அடுத்து சாக்ஸ் வாசிக்கும் கோல்ட்ரேன் இரண்டு, இன்னொரு சாக்ஸ் கலைஞர் அடர்லி இரண்டு. விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். அந்த அரை சுர ஏற்றம் காதில் பட ஆரம்பித்துவிட்டால், வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்று உங்களுக்கும் தெரியும். அதன்பின் குழப்பம் இருக்காது.

கேள்வி: ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா?

ஸ்பீக்கர். 1950களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் ஒரு வாத்தியம் முழுக்க ஒரே பக்கத்தில் இருக்கும். ஹெட்ஃபோனில் அது ஒரு காதை மட்டும் குடையும். போனின் சொந்த ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். டபுள் பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. லஃபாரோ பாதி காணாமல் போவார்.

கேள்வி: கூட்டம் ஆர்ப்பரிக்கும் பதிவு ஒன்று சொல்லுங்களேன்.

டியூக் எலிங்டன் இசைக்குழு, நியூபோர்ட் ஜாஸ் விழா, 1956 ஜூலை 7. பால் கொன்சால்வெஸ் டெனர் சாக்ஸில் நிறுத்தாமல் 27 கோரஸ், அதாவது 27 சுற்று, வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடியது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வருடம் வந்த எல்பி இசைத்தட்டில் பெரும்பகுதி பிறகு ஸ்டுடியோவில் வாசித்துக் கைதட்டல் சேர்த்தது. கொன்சால்வெஸ் வாசித்தது ரெக்கார்ட் கம்பெனியின் மைக்கில் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியுடைய மைக்கில். கம்பெனி டேப்பையும் வானொலி டேப்பையும் இணைத்து 1999இல் வெளியான முழுப் பதிப்பைத் தேடிக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் மற்றவர்களுக்கு ஜாஸ் என்றாலே அலர்ஜி.

பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பெர்லின், 1960. 'மேக் தி நைஃப்' பாடும்போது நடுவில் வரிகள் மறந்துபோகும். நிறுத்தாமல், மறந்துவிட்டேன் என்பதையே பாட்டாக்கி, லூயி ஆம்ஸ்ட்ராங் குரலையும் பாடிக்காட்டி முடிப்பார். ஜாஸ் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையே இருக்காது.

கேள்வி: நேரலைகளில் ஏன் பெரும்பாலும் தனியாகவே வாசிக்கிறார்கள்? இணையம் வழியாகச் சேர்ந்து வாசிக்க முடியாதா?

தாமதம்தான் சிக்கல். ஒலி ஒரு மில்லிசெகண்டில் காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். இணையத்தில் 30 மில்லிசெகண்ட் தாமதம் என்றால், பத்து மீட்டர் தள்ளி நிற்பவரோடு வாசிப்பதற்குச் சமம். பெரும்பாலான இணைப்புகளில் அதைவிட அதிகமாகவே ஆகும். ஸ்விங், அதாவது ஜாஸின் துள்ளும் தாளம், அதைத் தாங்காது. அதனால்தான் 2020இல் நியூயார்க் கிளப்கள் மூடியபோது பியானோ கலைஞர் ஃப்ரெட் ஹெர்ஷ் வீட்டுப் பியானோவில் தனியாக வாசித்தார். இன்னொரு பியானோ கலைஞர் எமெட் கோஹன் தன் ஹார்லெம் வீட்டிலேயே ட்ரையோவைச் சேர்த்து வாசித்தார். வான்கார்டும் ஜூனில் காலி அறையிலிருந்து நேரலை தொடங்கியது. முதலில் வந்தது பில்லி ஹார்ட் குவார்டெட் (நால்வர் குழு). இப்படிப்பட்டவற்றை அறிவித்த நேரத்திலேயே, நடுவில் எழுந்து போகாமல் பாருங்கள்.

கேள்வி: கலைஞர்களுக்கு நம்மால் என்ன செய்ய முடியும்?

நேரலைக்குக் கட்டணம் இருந்தால் கட்டுங்கள். ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் போன்ற இசை விற்கும் தளங்களில் பெரும்பங்கு அவர்களுக்கே போகும். ஸ்ட்ரீமிங்கில் நூறு தடவை கேட்டாலும் அவர்கள் கைக்கு வருவது சொற்பம்.

கேள்வி: எவன்ஸ் கேட்டாயிற்று. அடுத்து?

அதே வான்கார்ட் அறையில் இன்னும் இரண்டு. சோனி ரோலின்ஸ், 1957 நவம்பர் 3: பியானோவே கிடையாது, சாக்ஸ், பேஸ், டிரம்ஸ் மட்டும். கோர்ட்களை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) உங்கள் காதுதான் நிரப்பிக்கொள்ள வேண்டும். பிறகு 1961 நவம்பரில் கோல்ட்ரேன். அதில் 'சேஸின் தி ட்ரேன்' மட்டுமே பதினாறு நிமிடம். அசதியான இரவில் அதைத் தொடாதீர்கள். விடுமுறை நாள் காலையில், சத்தத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக் கேளுங்கள்.