வட்டில் லினக்ஸுக்கு ஒதுக்கியிருந்த பகுதியை (லினக்ஸ் பிரிவை) அழித்தேன், இப்போது விண்டோஸும் திறக்கவில்லை. எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. முதலில் கணினியை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். விண்டோஸை மறுபடி நிறுவிவிடு என்று இதற்குள் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். அதைச் செய்துவிட்டு அழுதவன் நான்.

2011-இல் நடந்தது. இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பிரிவை அழித்தேன். மறுபடி இயக்கினால் கறுப்புத் திரை. அப்படி ஒரு பிரிவே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ', பக்கத்தில் மினுக்கும் கர்சர். (கிரப் என்பது லினக்ஸோடு வரும் தொடக்க நிரல்; கணினியை இயக்கியதும் லினக்ஸையோ விண்டோஸையோ திறந்துவிடுவது அதுதான்.) உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும். விண்டோஸ் செத்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, டிவிடியைப் போட்டு, 320 ஜிபி வட்டையும் ஃபார்மேட் செய்து நிறுவினேன்.

பழுது எங்கே இருந்தது தெரியுமா? வட்டின் முதல் 512 பைட்டில். அதிலும் தொடக்க நிரல் 446 பைட்தான். அந்த 446 பைட்டிலும் அதையடுத்த சிறு இடத்திலும் கிரப்பின் தலை மட்டும் இருந்தது, உடல் லினக்ஸ் பிரிவில். உடலை நான் அழித்துவிட்டேன், தலை அதைத் தேடிக்கொண்டு நின்றது. விண்டோஸ் தன் இடத்தில் சௌக்கியமாகவே இருந்திருக்கிறது. அதே டிவிடியில் பழுதுபார்க்கும் பகுதிக்குப் போய் 'பூட்ரெக்' கட்டளையை 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்ற தெரிவோடு கொடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

உங்களுடையது யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க முறை) உள்ள புதிய கணினியாக இருந்தால் அதுவும் வேண்டாம். இயக்கியவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் (தயாரிப்பாளருக்குத் தக்கபடி மாறும்) அழுத்தி, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்துவிட்டால், அமைப்புத் திரையில் (செட்டப்) அதையே தொடக்க வரிசையில் முதலாவதாக வையுங்கள். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) குறுக்கே வந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும், கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட் செய்த வட்டில் அப்பா தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகள் இருந்தன, அறுபதுக்கு மேல். நகல் எடுத்து வைக்காதது என் தப்புதான், அதற்குத் தனியாகத் திட்ட வேண்டாம். மீட்பு மென்பொருள் போட்டுப் பதினொன்றை எடுத்தேன். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும்! எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்துவிட்டது. ஆனாலும் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம் என்று வைத்துக்கொண்டு நம்மவர்கள் எத்தனை ஆண்டுகளைப் பாழாக்கினார்கள்! இன்றும் அப்படித் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் பழகிவிட்டது என்கிறார்கள். அப்பாவுடையவை வெறும் உரைக் கோப்புகள், எழுத்துருவின் பெயர் அவற்றில் பதிவாகாது. பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் ஒரு மாற்றியில் போட்டால் ளகரமெல்லாம் றகரமாக வருகிறது, இன்னொன்றில் கொம்புகள் காணாமல் போகின்றன. எந்த எழுத்துரு என்று அப்பாவுக்கும் நினைவில்லை.