கேள்வி உங்களுது, பதில் எங்களுது: ஷார்ட்கட்டை நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாமா?

கேள்வி: வேர்டுல எங்கிருந்தாவது காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணா அந்த கலரு, எழுத்து சைஸு எல்லாம் சேர்ந்து வந்து ஒட்டிக்குது. ரைட் கிளிக் பண்ணிப் பண்ணி கை வலிக்குது. வெறும் எழுத்தை மட்டும் ஒட்ட நாமளே ஒரு ஷார்ட்கட் வச்சுக்க முடியுமா?

பதில்: தாராளமா. முதல்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் வி அமுக்கிப் பாருங்க, புது வேர்டுல அதுவே இந்த வேலையைத்தான் செய்யும். பழைய வெர்ஷன்னா ஃபைல் போய் ஆப்ஷன்ஸ், அதுல கஸ்டமைஸ் ரிப்பன், அந்தப் பக்கத்துல அடியில கண்ணுல படாத மாதிரி கீபோர்டு ஷார்ட்கட்ஸ்னு போட்டு பக்கத்துல ஒரு கஸ்டமைஸ் பட்டன் இருக்கும், அதை அமுக்குனா ஒரு பெட்டி திறக்கும், அதுல இடது பக்கம் ஆல் கமாண்ட்ஸ், வலது பக்கம் பேஸ்ட்டெக்ஸ்ட்ஒன்லி செலக்ட் பண்ணுங்க. அப்புறம் பிரஸ் நியூ ஷார்ட்கட் கீங்கிற கட்டத்துல கர்சரை வச்சு கீயை நிஜமாவே அமுக்கணும், எழுத்துக்கூட்டி டைப் பண்ணக் கூடாது (பண்றவங்க இருக்காங்க!).

அமுக்குனதும் கீழ கரண்ட்லி அசைன்டு டுன்னு ஒரு வரி வரும் பாருங்க, அதைப் படிக்காம மேல போகாதீங்க. அந்தக் கீ ஏற்கனவே வேற வேலைக்கு இருந்தா அங்கதான் தெரியும். பழைய வேர்டுல கண்ட்ரோல் ஷிஃப்ட் விக்கு பேஸ்ட்ஃபார்மட்னு காட்டும் (ஒரு எழுத்தோட கலரு, சைஸை மட்டும் இன்னொண்ணுக்கு ஒட்டுறது), அது உங்களுக்குத் தேவையில்லன்னா அது மேலயே போட்டுக்கலாம். ஆனா கண்ட்ரோல் எஸ், கண்ட்ரோல் இசட் பக்கம் மட்டும் போயிடாதீங்க, வேற மெஷின்ல உக்காந்தா விரல் தடுமாறும். கடைசியா அசைன் பட்டனை அமுக்கணும், சும்மா குளோஸ் குடுத்தா எல்லாம் போச்சு. சேவ் சேஞ்சஸ் இன்கிற கட்டத்துல நார்மல் டாட் டாட்எம் (வேர்டோட அடிப்படை டெம்ப்ளேட் ஃபைல்) இருந்தா எல்லா டாக்குமெண்டுக்கும் வேலை செய்யும், இல்லன்னா அந்த ஒரு ஃபைலோட சரி.

கேள்வி: எக்செல்லயும் அதே பட்டனைத் தேடுறேன், காணோமே? பல செல்லை ஒண்ணாக்கி எழுத்தை நடுவுல வைக்கிற மெர்ஜ் அண்ட் சென்டருக்கு ஷார்ட்கட் வேணும்.

பதில்: காணாமப் போகல, அங்க அது கிடையவே கிடையாது. எக்செல்ல இருக்கிற கமாண்டுக்கு நேரடியா புது கீ குடுக்க விடமாட்டாங்க, நாம எழுதுற மேக்ரோவுக்குத்தான் (வேலையைத் தானா செய்யற சின்ன புரோகிராம்) குடுக்கலாம், ஆனா மேக்ரோ ஷீட்ல எதையாவது மாத்துச்சுன்னா அதுக்கப்புறம் அன்டூ வேலை செய்யாது, அதனால இந்தச் சின்ன வேலைக்கு அது வேணாம். ரிப்பன்ல மெர்ஜ் அண்ட் சென்டர் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி குயிக் அக்சஸ் டூல்பார்ல (அடிக்கடி தேவைப்படுற பட்டனை வச்சுக்கிற சின்னப் பட்டை) சேருங்க. அங்க முதல் இடத்துல இருந்தா ஆல்ட் 1, ரெண்டாவதுன்னா ஆல்ட் 2, அவ்ளோதான். ஒண்ணு, தமிழ் டைப் பண்ற சில மென்பொருளும் ஆல்ட் கூட நம்பர் வச்சுத்தான் கீபோர்டை மாத்தும், ரெண்டும் முட்டிக்கிட்டா அதோட செட்டிங்ஸ்ல போய் அந்தக் கீயை மாத்துங்க.

கேட்காத ஒண்ணு சொல்றேன், மெர்ஜ் பண்ண செல் நடுவுல இருந்தா சார்ட் பண்ணும்போது எக்செல் மக்கர் பண்ணும். ஃபார்மட் செல்ஸ்ல அலைன்மென்ட்ல சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன் இருக்கு, பாக்க அதே மாதிரிதான் இருக்கும், வம்பு கிடையாது.

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டர்ல யாரோ வேர்டு ஷார்ட்கட் எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்காங்க. பழையபடி ஆக்கணும்.

பதில்: அதே கஸ்டமைஸ் பெட்டியில ரீசெட் ஆல் இருக்கு, ஒரே கிளிக். ஆனா வேற யாராவது ஆசையா செட் பண்ணி வச்சதும் சேர்ந்து போயிடும், கேட்டுட்டு அமுக்குங்க.

கேள்வி: போட்டோஷாப் மெனு ரொம்ப நீளமா இருக்கு. வேண்டாததை மறைக்க வழி உண்டா?

பதில்: எடிட்ல மெனுஸ்னு இருக்கு, ஒவ்வொரு கமாண்டு பக்கத்துலயும் ஒரு கண் படம் இருக்கும், அதை அணைச்சா அந்த வரி மறைஞ்சிடும். அழியல, மெனுவோட அடியில ஷோ ஆல் மெனு ஐட்டம்ஸ் குடுத்தா திரும்ப வரும். மறைக்கப் பிடிக்கலன்னா அடிக்கடி யூஸ் பண்றதுக்கு கலர் குடுத்துக்கலாம், எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.