கமக்காரர் கேள்வி பதில்: உர மானியம் யாருடைய கணக்குக்கு?

கேள்வி: இருபது பரப்பு வயலைக் குத்தகைக்கு எடுத்துக் காலபோகம் (மாரிகால நெற்செய்கை) செய்கிறேன். காணிக்காரர் கனடாவில். உர மானியம் அவருடைய தம்பியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கேட்டால் "காணி உறுதி எங்கட பேரிலதானே" என்கிறார். இது சரியா? – வாசகர், மட்டுவில்

பதில்: சரியில்லை. மானியம் உறுதிக்குக் கொடுக்கிற காசு அல்ல, அந்தப் போகத்தில் யார் விதைக்கிறாரோ அவருக்கு உரம் வாங்கக் கொடுக்கிறது. ஆனால் கமக்காரரைப் பதிகிற அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்துக்குத் தெரிந்தது பதிவேட்டில் இருக்கிற பேர்தான், அங்கே தம்பியாரின் பேர் இருந்தால் காசும் அவரிடம்தான் போகும். 2024/25 காலபோகத்திலிருந்து நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், அதற்கு முதல் 15,000. 16 பரப்பை ஓர் ஏக்கர் என்று வைத்தால் ஹெக்டேயர் கிட்டத்தட்ட 40 பரப்பு. உங்கள் வயலுக்கு 12,500 ரூபாய் அளவில் வரவேண்டும்.

காணிக்காரர்கள் ஏன் குத்தகைக்காரரின் பேரைப் பதிய விடுவதில்லை? காசாசை என்று மட்டும் நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நெற்காணியைக் குத்தகைக்குச் செய்பவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது, நினைத்த நேரத்தில் எழுப்பிவிட முடியாது. பேர் ஏறினால் காணி போய்விடும் என்ற பயம் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். சண்டை பிடித்தால் அடுத்த போகம் வயலே கிடைக்காமல் போகலாம், ஆகவே முதலில் அந்த 12,500ஐக் குத்தகையில் கழிக்கச் சொல்லுங்கள், எனக்கு அதுதான் நடக்கக்கூடிய வழியாகத் தெரிகிறது. அதுக்கும் மாட்டேன் என்றால் விதைப்புக்கு முன்பே கமக்காரர் அமைப்பிடம் போய், வயலை இந்தப் போகம் செய்வது நீங்கள்தான் என்று எழுத்தில் கொடுங்கள். கொடுப்பனவுப் பட்டியல் போனபிறகு அழுது பிரயோசனமில்லை.

கேள்வி: நாங்கள் செம்மண்ணில் வெங்காயம், புகையிலை செய்கிறோம். எங்களுக்கு ஏன் இந்த 25,000 இல்லை? – வாசகி, உரும்பிராய்

பதில்: அது நெல்லுக்கான காசு அக்கா. 350 ரூபாய்க்கு ஓர் அந்தர் (50 கிலோ) உரம் கிடைத்த காலத்திலும் நெல்லை வைத்துத்தான் திட்டம் போட்டார்கள். தோட்டக்காரருக்கு உரச் செலவு வயல்காரரைவிடக் கூட, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற செலவு வேறு, ஆனால் கொழும்பில் விவசாயி என்றால் சோறுதான் நினைவுக்கு வரும்போல. உங்களிடம் சின்ன வயலும் இருந்தால் அதை மட்டும் தனியாகப் பதியுங்கள்.

கேள்வி: மானியம் எடுத்தவருக்கு வெள்ள அழிவுக் காசு கிடையாது என்று ஊரில் கதைக்கிறார்களே? – வாசகர், சாவகச்சேரி

பதில்: வெறும் கதை. அழிவுக் காசு கமநல காப்புறுதிச் சபையின் வேலை, மானியம் வேறு. 2024 நவம்பர் வெள்ளத்தில் அழிந்த நெல்லுக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதிகபட்சம் என்பதைக் கவனியுங்கள், பாதி அழிவுக்கு முழுக்காசு வராது. தண்ணீர் வடிந்து பயிர் கொஞ்சம் நிமிர்ந்தபிறகு பார்க்க வருகிறவர் அழிவைக் குறைத்துத்தான் எழுதுவார். அதனால் வெள்ளம் நிற்கும்போதே நாலு வரம்பும் தெரிய போனில் படம் எடுத்து, அன்றைக்கே கமநல சேவை நிலையத்தில் அறிவித்துவிடுங்கள்.