வாசகர் கேள்வி: ஆறு இலக்கமும் கல்யாணப் பத்திரிகையும்

கேள்வி: கோயில் திருப்பணி வாட்ஸ்அப் குழுவில் உள்ள ஓர் அக்கா, "என் கோட் தவறுதலாக உன் எண்ணுக்கு வந்துவிட்டது, அனுப்பு" என்றார். அனுப்பினேன். உடனே என் வாட்ஸ்அப் வெளியே தள்ளிவிட்டது. இப்போது என் பெயரில் எல்லோரிடமும் 800 ரிங்கிட் கேட்கிறார்கள். (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: அந்த அக்காவைக் கோபிக்காதீர்கள். அவர் கணக்கும் பெரும்பாலும் இதே வழியில்தான் பறிபோயிருக்கும். யாரோ உங்கள் எண்ணை வேறொரு போனில் பதிந்திருக்கிறார்கள். அதற்கான ஆறு இலக்கம் சிம் வைத்திருக்கும் உங்களுக்குத்தான் வரும். அதனால்தான் கேட்டு வாங்கினார்கள்.

சிம் கையில் இருப்பதால் கணக்கை மீட்கலாம். வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் எண்ணைக் கொடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் புதிய ஆறு இலக்கத்தைத் தட்டியதும் அந்தப் பக்கம் இருப்பவர் வெளியேறிவிடுவார். அதன்பின் நீங்கள் வைக்காத ஒரு பின் நம்பரைக் கேட்டால், அது திருடன் போட்ட பூட்டு. 7 நாள் காத்திருந்தால் பின் இல்லாமலே உள்ளே போகலாம். அந்த ஒரு வாரம் அவனுக்கும் கணக்கு இல்லை. குறியீட்டை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள், காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

அதற்குள் குழு நிர்வாகியைப் போனில் கூப்பிட்டு உங்கள் எண்ணை நீக்கச் சொல்லுங்கள். யாராவது பணம் போட்டிருந்தால், அவர் உடனே தம் வங்கிக்கோ, தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் 997-க்கோ அழைக்க வேண்டும். போலீஸ் புகார் அடுத்தது. பணம் ஒரு கணக்கில் தங்காது, கை மாறிக்கொண்டே போகும். ரசீதைத் தேடி எடுத்துவிட்டு அழைக்கலாம் என்று உட்கார வேண்டாம்.

கணக்கு திரும்பியதும் அமைப்புகள், கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கப் பின் வையுங்கள். மீட்பு மின்னஞ்சலையும் அங்கேயே சேருங்கள், பின் மறந்தால் அதுதான் துணை. 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தையும் பாருங்கள். அங்கே தெரியாத கணினி இருந்தால் அது இன்னும் மோசம்: உங்கள் போன் வழக்கம்போல் வேலை செய்யும், எதிரே ஒருவர் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை என்று வந்த கோப்பைத் திறந்துவிட்டேன். ஏதோ ஆப் ஏறியது. என்ன ஆகும்? (வாசகர், செந்தூல்)

பதில்: கோப்பின் பெயர் 'ஏபிகே' (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) என்று முடிந்ததா? பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், ஆப்பாக வராது. அது கேட்கும் அனுமதியில்தான் விஷயம் இருக்கிறது: குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி தந்தால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி (ஒருமுறை மட்டும் செல்லும் கடவு எண்) உங்கள் கண்ணில் படாமலே அடுத்தவனுக்குப் போகும். எஸ்எம்எஸ் ஓடிபியைக் கைவிடும்படி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளிடம் சொன்னதற்கும் இப்படிப்பட்ட மோசடிகளே காரணம்.

முதலில் விமானப் பயன்முறை. வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள், சில போன்களில் அது அணையாது. வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து இணைய வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறு போனில்தான் மாற்ற வேண்டும்; ஆப் உள்ள போனில் மாற்றினால் புதியதும் போய்விடும். ஆப்பை நீக்கினால் போதுமா? எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள்.

கேள்வி: ஐசி (அடையாள அட்டை) எண்ணின் கடைசி இலக்கங்களைக் கடவுச்சொல்லாக வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். போதுமா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: போதாது. ஐசியின் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்கு 07, கோலாலம்பூர் 14. மிச்சம் நான்கு. அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. அதோடு, 2017-இல் வெளிச்சத்துக்கு வந்த தகவல் கசிவில் 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியாயின, ஐசி எண்களும் அதில் இருந்தன.

மாதாமாதம் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி எண்ணைத்தான் கூட்டுகிறார்கள். அந்த உழைப்பை மின்னஞ்சல் மேல் செலவிடுங்கள். மற்ற கணக்குகளின் 'கடவுச்சொல் மறந்தேன்' கடிதம் அங்கேதான் வருகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைக் கோத்து, வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு கடவுச்சொல்லை அதற்கு மட்டும் வையுங்கள். நோட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் தவறில்லை.